எல்லிஸுக்குத் தெரிந்திருக்கும்

இந்தத் தைப்பொங்கலன்று காலையில் செல்லூரில் மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவனியாபுரம் ஜல்லிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போன இரண்டு வருடமும் வாடிவாசலுக்கு முன்னால் நின்று விளையாடி, ஒருத்தரையும் அண்டவிடாமல் போன காளை ஒன்று, இந்த முறை வெளியே வந்த நாலாவது எட்டில் பிடிபட்டது. பிடித்த பையன் திமிலைக் கட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரைக்கும் போய்விட்டான். மைக்கில் அவனுக்குப் பரிசைச் சொல்லிவிட்டு அடுத்த மாட்டைக் கூப்பிட்டார்கள். மாமா மட்டும் அந்தக் காளை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது இன்னைக்குத் தோக்கலடா. போன வருசமே அதுக்கு முடிஞ்சிருச்சு. இவய்ங்க தெரியாம விட்டுட்டாய்ங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த பேரன், கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவன், அதைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அலிக்கு எப்ப தாத்தா முடிஞ்சது?" அந்த வீட்டில் அலி என்றால் பாக்ஸர் முகமது அலி ஒருவர்தான். சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில், பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த அவர் படம் ஒன்று நாற்பது வருடத்துக்கு மேலாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. மாமா யோசிக்கவே இல்லை. "மணிலா. 75." பேரன் தலையை ஆட்டினான். "இல்ல தாத்தா, 67-லயே முடிஞ்சு போச்சு" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். கிளீவ்லாண்ட் வில்லியம்ஸுடன் 1966-ல் நடந்த சண்டை அதில் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் கண்ணால பாத்தவன்டா." "நீங்க பாத்தது 80-ல தாத்தா." அதற்குப் பிறகு கூடத்தில் டிவி சத்தம் மட்டும்தான். குடும்பத்தில் கையில் கிளவுஸ் மாட்டியவன் நான் ஒருத்தன் என்பதால் மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மாப்ள."

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் மாமா என்று சொல்லிவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று நினைத்துச் சொன்ன சமாதானம். ரெண்டும் சரியில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். ஏன் சரியில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது. அன்று இரவிலிருந்து அது என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கட்டுரை மாமாவுக்கு நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

மாமா பார்த்த அலி

1980-ல் மாமாவுக்கு இருபத்தைந்து வயது. ஹார்வி மில்லில் வேலை. அலி மெட்ராஸுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். மீட்டர்கேஜ் காலம். பொதுப்பெட்டியில் நின்றபடியே எழும்பூர் போய் இறங்கி, விசாரித்துக்கொண்டே நேரு ஸ்டேடியத்துக்கு நடந்திருக்கிறார். அங்கே அலியுடன் கண்காட்சிச் சண்டை போட வந்திருந்தவர் ஜிம்மி எல்லிஸ். எம்.ஜி.ஆரும் அலியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்ததும் கூட்டம் எப்படிக் கத்தியது என்று மாமா சொல்லத் தொடங்கினால் காபி ஆறிவிடும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கதையை மாதம் ஒருமுறையாவது கேட்டிருப்பேன். ரயில், கூட்டம், எம்.ஜி.ஆரின் தொப்பி, அலியின் சிரிப்பு எல்லாம் வரும். சண்டை மட்டும் அதில் வந்ததே இல்லை. வளர்ந்த பிறகு ஒரு தடவை துருவிக் கேட்டேன். "இடுப்புல சதை போட்டிருந்துச்சுடா. ரெண்டு தடவ காலை மாத்தி மாத்தி ஆடிக் காமிச்சாரு. சனம் விசில் அடிச்சுச்சு. அம்புட்டுத்தான்" என்றார், கொஞ்சம் வேண்டா வெறுப்பாக.

அவர் மனசில் இருக்கிற அலி அந்த ஸ்டேடியத்தில் பார்த்த அலி கிடையாது. ஆப்பிரிக்காவில், கின்ஷாசாவில் ஃபோர்மேனைச் சாய்த்த அலி. மணிலாவில் ஃப்ரேஸியரோடு பதினான்கு ரவுண்டு நின்ற அலி. கின்ஷாசா சண்டை அங்கே விடியற்காலை 4 மணிக்கு நடந்தது. மதுரையில் அப்போது காலை எட்டரை. மணிலா சண்டையும் நமக்குக் காலை வேளைதான். அந்தக் காலத்தில் செல்லூரில் இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில், உலகத்தின் இரண்டு மூலைகளில் நடந்த அந்த இரண்டு சண்டையும் மறுநாள் டீக்கடைப் பேப்பரில் வந்து, ஒருத்தர் சத்தமாக வாசிக்க, பத்து பேர் நின்று கேட்டுத்தான் மாமாவுக்குத் தெரிந்தது. கண்ணால் பார்க்காததை மனசு இன்னும் பெரிதாக எழுதிக்கொள்ளும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மணிலாவோடு முடிந்தது என்று மாமா சொல்லும்போது, அதுவரைக்கும் முடியாமல் இருந்தது என்றும் சேர்த்துத்தான் சொல்கிறார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

வெற்றி தோல்விக் கணக்கு

அலியின் கணக்கு 56 வெற்றி, 5 தோல்வி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உச்சம் முடிந்த நாளைத் தேடினால் கிடைக்காது. முதல் தோல்வி 1971 மார்ச் 8, ஃப்ரேஸியரிடம். பதினைந்தாவது ரவுண்டில் அந்த இடது ஹூக்கை, பக்கவாட்டில் வளைந்து வருகிற குத்தை, வாங்கி மல்லாந்து விழுந்து, விழுந்த வேகத்தில் எழுந்து நின்றார். சரி, அன்றைக்கு முடிந்தது என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினால், ஃப்ரேஸியரை அதற்குப் பிறகு இரண்டு முறை ஜெயித்திருக்கிறார். 1973-ல் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். நார்ட்டனையும் பிறகு இரண்டு முறை ஜெயித்தார். 1978 பிப்ரவரியில் ஸ்பிங்ஸிடம் தோற்றார். அதே செப்டம்பரில் அவரிடமிருந்து பட்டத்தை மூன்றாவது முறையாக வாங்கினார். திருப்பிக் கொடுக்காமல் விட்ட தோல்விகள் கடைசி இரண்டுதான்: 1980-ல் ஹோம்ஸ், 1981-ல் பெர்பிக். கணக்கை மட்டும் நம்பினால் முப்பத்தெட்டு வயது வரைக்கும் அந்த மனிதர் உச்சத்தில் இருந்தார் என்று ஆகிவிடும். மாமாகூட அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

பேரன் சொல்வதில் நியாயம் அதிகம். 1966 மார்ச் கடைசியிலிருந்து 1967 மார்ச் 22 வரை, ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அலி ஏழு முறை பட்டத்தைக் காத்தார். அந்த ஏழில் ஹூஸ்டனில் வில்லியம்ஸுடன் நடந்ததுதான் மிகச் சிறந்த சண்டை என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதைப் பார்க்கிறபோது எனக்கும் மயிர்க்கூச்செறியும். கை இரண்டும் இடுப்புக்குக் கீழே தொங்கும். எதிரியின் குத்து வரும்போது தலையை நேராகப் பின்னால் இழுப்பார். எந்த மாஸ்டரும் அடித்துத் திருத்துகிற தப்பு அது. பின்னால் இழுத்த தலைக்கு அடுத்த குத்தில் போக இடமில்லை, அதனால்தான் தப்பு. அலிக்கு இடம் இருந்தது, ஏனென்றால் தலை பின்னால் போன அதே நொடியில் கால் அவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அந்தத் தலை அந்தக் காலை நம்பி இருந்தது.

ஆனால் பேரன் ஒன்றை விட்டுவிட்டான். வில்லியம்ஸ் அன்றைக்கு முழு மனிதராக ரிங்கில் ஏறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் டெக்ஸஸில் ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கிக் குண்டு அவர் வயிற்றில் பாய்ந்து, ஒரு சிறுநீரகமே போய், பல அறுவைகள் செய்து பிழைத்து வந்தவர். அப்படிப்பட்டவரை மூன்றாவது ரவுண்டில் நிறுத்தியதை வைத்து ஒருவருடைய உச்சத்தை அளக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். எதிரில் நிற்பவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்காமல் வீரனை அளக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. வாடிவாசலில்கூட, பிடித்தவனுக்குக் கைதட்டும்போது மாட்டின் வயதை எத்தனை பேர் கேட்கிறார்கள்? சந்தையில் மட்டும் கேட்போம். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வாயைத் திறந்து எண்ணிவிடுவோம். எட்டும் சேர்ந்து கடை முளைத்த பிறகு பல்லைப் பார்த்து வயது சொல்வது கஷ்டம்; தரகர் வாய்தான் பேசும். அலி விஷயத்தில் நாம் எல்லோரும் கடை முளைத்த மாட்டின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மழை பெய்த சாயங்காலம்

1992-லிருந்து நாலு வருடம் நான் பாக்ஸிங் பழகினேன். ஓட்டம் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில்; பயிற்சி ஒரு பழைய ஷெட்டில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உத்தரத்தில் இரண்டு பைகள் தொங்கும், மில் கழிவுப் பஞ்சும் மணலும் கலந்து அடைத்தவை. நாளாக ஆக மணல் அடிக்கு இறங்கிக் கல்லாகிவிடும். பையின் அடிப்பக்கம் குத்தினவன் ஒரு வாரம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரிவான். மாஸ்டர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அவரும் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். மாநில அளவில் பல வருடம் அவர் எடைப் பிரிவில் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு அவருக்கு முப்பத்தொன்று, எனக்குப் பத்தொன்பது. இரண்டு பேருக்கும் எடை ஏறக்குறைய ஒன்று என்பதால், போட்டிக்கு அவர் தயாராகும்போதெல்லாம் எதிரில் நிற்கிற வேலை எனக்கு.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. நான் ஜாப், அதாவது முன்கையால் நேராக நீட்டுகிற குத்து, விட்டால் விலகி ஓட மாட்டார், கையால் தட்டவும் மாட்டார். தலையை ஒரு விரல்கடை அளவு வலப்பக்கம் சாய்ப்பார். என் கிளவுஸ் அவர் காதை உரசிக்கொண்டு போகும். தோல் உரசும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒன்றரை வருடமாக, வாரத்துக்கு மூன்று நாள், என் ஜாப் அந்தக் காதைத்தான் தொட்டது. மூக்கைத் தொட்டதே இல்லை. ஒருநாள் தொடுவேன் என்ற நினைப்பில்தான் நான் ஒழுங்காகப் பயிற்சிக்கே போனேன்.

1993 ஐப்பசி. மழை வலுத்து, கூரையில் விழுகிற சத்தத்தில் பெல் அடிப்பதுகூடக் கேட்கவில்லை. தண்டட்டி மாதிரி ஒரு இரும்பு வளையத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம், அதுதான் பெல். மூன்றாவது ரவுண்டின் நடுவில் நான் ஒரு ஜாப் விட்டேன். எப்போதும் விடுகிற அதே ஜாப். அது அவர் மூக்கில் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாஸ்டர் சிரித்தார். "நல்லா வருதுடா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. கொஞ்சம் சுற்றிவந்து மறுபடி விட்டேன். மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை, குனிந்து தரையைப் பார்த்தார். ஒழுகல் தண்ணீர் ஏதும் காலில் வழுக்கியதோ என்று தேடுகிற மாதிரி. தரை காய்ந்துதான் இருந்தது. நானும் பார்த்தேன்.

மூன்றாவது முறை என் கை பாதி தூரம் போனபோது எனக்கே தெரிந்துவிட்டது, இதுவும் விழப்போகிறது என்று. அவர் தலை சாயத் தொடங்கியிருந்தது; எப்போதும் சாய்கிற அதே பக்கம், அதே அளவு. ஆனால் பிந்தித் தொடங்கியிருந்தது. கண் சொன்னது, கழுத்தும் கேட்டது, கால்தான் எடையை மாற்றித் தரவில்லை. என் வேகம் கூடவில்லை என்பது அந்த நொடியில் எனக்கு உறைத்தது. நான் கையை நிறுத்திவிட்டேன். முகத்துக்கு நாலு அங்குலத்தில் கிளவுஸ் நின்றது.

"ஏன்டா நிறுத்துன?" மாஸ்டர் கத்திய கத்தில் பையில் குத்திக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "அடிடா." நான் அடித்தேன். வேண்டுமென்றே காதுப்பக்கம் விட்டேன், பழையபடி உரசிக்கொண்டு போகிற மாதிரி. அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் பல்லால் கயிற்றைக் கடித்து கிளவுஸைக் கழற்றினார். மற்றவர்களை ஸ்கிப்பிங் போடச் சொல்லிவிட்டு ஷெட் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது எப்போதும் போலப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். எப்போதும் பேசுகிறவர் அன்றைக்குப் பேசவில்லை. எனக்கு அந்தப் பருத்திப்பால் தொண்டையில் இறங்கவில்லை. ஒன்றரை வருடம் தவம் கிடந்து கேட்டது கிடைத்த நாளில், அது கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அழுகை வந்தது.

இரண்டு மாதம் கழித்து மாநிலப் போட்டி. மாஸ்டர் ஜெயித்தார். மூன்று சண்டை, மூன்றும் பாயிண்ட்டில். வாளியும் துண்டுமாக நான் அவர் மூலையில் இருந்தேன். வெளியே இருந்து பார்த்தவர்களுக்குப் பழைய மாஸ்டர்தான். எனக்கு மட்டும் வேறு ஒருவர் தெரிந்தார். எதிரியை ஓடவிடாமல் கயிற்றுக்குத் தள்ளினார், அடி வரும் முன்பே உள்ளே புகுந்து கட்டிப்பிடித்தார், ரவுண்டின் கடைசி முப்பது விநாடியில் மட்டும் விளாசினார். நடுவர்கள் கண்ணுக்கு அது நின்றது. கால் செய்துகொண்டிருந்த வேலையை அனுபவத்திடம் ஒப்படைத்திருந்தார். பேப்பரில் நாலு வரி வந்தது. அடுத்த வருடம் ஊர் பேர் தெரியாத ஒரு பையனிடம் முதல் சுற்றிலேயே தோற்றபோது, 'மாஸ்டருக்கு இன்னையோட முடிஞ்சது' என்று எங்கள் பையன்களே பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முடிந்த நாளில் நான் கூட இருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

எதிரில் நின்றவர்கள்

அந்த மழை நாளுக்குப் பிறகு அலியின் எந்தச் சண்டையைப் பார்த்தாலும் நான் கையைப் பார்ப்பதில்லை. இடுப்புக்குக் கீழேதான் பார்க்கிறேன். கின்ஷாசாவில் இரண்டாவது ரவுண்டிலிருந்து கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மேனை அடிக்கவிட்டு, அவர் கை ஓய்ந்த பிறகு எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். அதைப் போல மூளையும் நெஞ்சுரமும் சேர்ந்த ஒரு காரியத்தை விளையாட்டில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் 1966-ன் அலி கயிற்றில் சாய்ந்திருக்கவே மாட்டார். சாய வேண்டிய தேவை அவருக்கு இல்லை. மாநிலப் போட்டியில் மாஸ்டர் எதிரியைக் கட்டிப்பிடித்தபோது எனக்கு எது தெரிந்ததோ அதுவேதான் கின்ஷாசாவிலும் தெரிகிறது. அலியின் மருத்துவராக இருந்த பெர்டி பச்சேகோவும் இதைச் சொல்லியிருக்கிறார்: திரும்பி வந்த அலிக்குப் பழைய கால் இல்லை, அடி வாங்கித் தாங்க முடியும் என்பதை அப்போதுதான் அவர் கண்டுகொண்டார், பட்டத்தைத் திரும்பக் கொடுத்ததும் அதுதான், பின்னால் உடம்பைக் கெடுத்ததும் அதுதான் என்று.

அப்படியானால் எப்போது முடிந்தது? 1967 மார்ச்சில் ஃபோலியை வீழ்த்தியபோது அவருக்கு இருபத்தைந்து வயது. ராணுவத்தில் சேர மாட்டேன் என்றதற்காகப் பட்டத்தைப் பறித்தார்கள், உரிமம் இல்லை. மறுபடி 1970 அக்டோபர் 26-ல் அட்லாண்டாவில் குவாரியுடன் ஏறியபோது இருபத்தெட்டு. இடையில் 43 மாதம். ஒரு பாக்ஸருக்கு உடம்பு முற்றித் திரண்டு நிற்கிற வருடங்கள் அவை. பேரன் சொல்கிற மாதிரி 1967-ல் அவர் முடிந்துவிடவில்லை. அன்றைக்கு நிறுத்தினார்கள், அவ்வளவுதான். இன்னும் ஏறிக்கொண்டிருந்த மனிதரை நிறுத்தினார்கள் என்பதே என் எண்ணம். அந்த 43 மாதத்துக்குள் ஏதோ ஒரு நாளில் அது உச்சிக்குப் போய், இறங்கவும் தொடங்கியிருக்கிறது. சாட்சி இல்லை, படம் இல்லை, ரிங்கே இல்லை. இதை நினைக்கிறபோது எனக்கு வருகிற கோபம் இன்றும் ஆறவில்லை. ராணுவத்தில் சேர மறுத்ததற்காக விதித்த தண்டனையை 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. அந்த மாதங்களுக்கு ஈடு எங்கே?

சாட்சி இல்லை என்றேன். ஒருவர் இருந்தார். ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊரான லூயிவில்லில் பிறந்தவர், அலியைவிட இரண்டு வயது மூத்தவர். அமெச்சூர் காலத்தில் இருவரும் மோதி ஆளுக்கு ஒன்று ஜெயித்திருக்கிறார்கள். பிறகு அறுபதுகளில் அலிக்கு ஸ்பாரிங் கொடுத்தவர், பயிற்சிச் சண்டையில் எதிரில் நின்றவர் அவர். இருவருக்கும் ஆஞ்சலோ டண்டிதான் பயிற்சியாளர். அலி ஒதுக்கிவைக்கப்பட்ட காலத்தில் டபிள்யூ.பி.ஏ. என்கிற உலக பாக்ஸிங் சங்கத்தின் பட்டத்தை 1968-ல் வென்று 1970 வரை வைத்திருந்தவரும் அவரே. 1971 ஜூலையில் ஹூஸ்டனில் இருவரும் நிஜமாகவே மோதினார்கள். டண்டி அன்றைக்கு எல்லிஸின் மூலையில் நின்றார். பன்னிரண்டாவது ரவுண்டில் அலி ஜெயித்தார். முன்னும் பின்னும் அந்த முகத்துக்கு நேராகக் கை நீட்டியவர் எல்லிஸ். எது காதை உரசிக்கொண்டு போகும், எது மூக்கில் விழும் என்று அவர் கிளவுஸுக்குத் தெரியும். எழுதுகிறவர்கள் எல்லோரும் ரிங்குக்கு வெளியே உட்கார்ந்து எழுதினார்கள். எல்லிஸுக்குத் தெரிந்திருக்கும்.

ஹோம்ஸுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவரும் அலியிடம் ஸ்பாரிங் பார்ட்னராக இருந்து வளர்ந்தவர். 1980 அக்டோபரில் லாஸ் வேகாஸில் அவர் அலியை அடித்தபோது இடையிடையே நடுவரைப் பார்த்து, நிறுத்துங்கள் என்று கெஞ்சுவதைப் படத்தில் காணலாம். பத்து ரவுண்டு முடிந்ததும் டண்டி நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். அதற்கு முன் ஜூலையில் மேயோ கிளினிக்கில் அலியைச் சோதித்திருக்கிறார்கள். ஒற்றைக்காலில் தத்துவதில் எதிர்பார்க்கிற லாவகம் இல்லை என்று அந்த அறிக்கையில் இருந்தது. நம் தெருப் பிள்ளைகள் கோடு கிழித்து நொண்டி ஆடுகிறார்களே, அது. உலகத்திலேயே அழகான கால்கள் என்று பேர் வாங்கியவருக்கு அந்த நொண்டி சரியாக வரவில்லை. அப்படியும் அவருக்கு உரிமம் கொடுத்தார்கள்.

எல்லிஸ் நகரில்

பொங்கல் கழிந்து மூன்றாவது வாரம் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று எல்லிஸ் நகரில் இருக்கிறார். அந்த எல்லிஸ் வேறு யாரோ, ஆனாலும் பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கும்போது எனக்கு என்னவோ போல் இருந்தது. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். பழைய பையன்கள் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டேன். "மாஸ்டர், 93-ல ஐப்பசி மாசம் ஷெட்டுல மழை பேஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா?"

"நீ கையை நிறுத்துன அன்னைக்கா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பது வருடமாக அது என்னுடைய ரகசியம் என்று நினைத்திருந்தேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சதுன்னு நெனச்சியாடா?" என்றார். "அதுக்கு முந்தின சித்திரையிலயே தெரியும். கீழக்குயில்குடி சமணமலைப் படியில. உங்களையெல்லாம் கூட்டிட்டுப் போவேன்ல. ஏறுறப்ப ஒண்ணும் தெரியல, உங்களுக்கு முன்னாடி நான்தான் மேல நின்னேன். இறங்குறப்பதான். பாறையில வெட்டுன படி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உசரம் இருக்கும். எப்பவும் பாக்காம இறங்குவேன். அன்னைக்கு ஒவ்வொரு படியா குனிஞ்சு பாத்து இறங்குனேன். கீழ தாமரைக் குளத்துக்கிட்ட வந்து உக்காந்தப்பவே தெரியும். நீங்க எல்லாம் அய்யனார் கோயில் ஆலமரத்துல ஆடிக்கிட்டு இருந்தீங்க."

ஆறு மாதம். நான் கூட இருந்து, என் கையாலேயே தொட்டுத் தெரிந்துகொண்டேன் என்று நம்பிய நாள் ஆறு மாதம் பிந்தியது. அந்தச் சித்திரை காலையில் நானும் அந்தப் படியில்தான் இறங்கி ஓடியிருக்கிறேன். முன்னால் போனவர் குனிந்து குனிந்து பார்த்தது என் கண்ணில் படவில்லை. "ஏன் மாஸ்டர் சொல்லல?" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்றது? ரெண்டு சண்டை மிச்சம் இருந்துச்சு, போட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே காபிக்குக் குரல் கொடுத்தார்.

ஆகவே எல்லிஸுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எழுதியதிலும் ஒரு பிடி மண் விழுந்துவிட்டது. எல்லிஸுக்கு முன்னால் அலிக்கே தெரிந்திருக்கும். தடை இருந்த நாட்களில் ஏதோ ஒரு விடியற்காலை ஓட்டத்தில், யாரும் பார்க்காத ஒரு மேட்டில் இறங்கும்போது. அது 1968-ஆ, 1969-ஆ என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மணிலா இல்லை மாமா. மணிலாவுக்கு ஆறேழு வருடம் முன்னால் அது நடந்துவிட்டது. நீங்கள் கொண்டாடுகிற அலி, அது நடந்த பிறகும் ஃபோர்மேன் முன்னால் போய் நின்ற அலி. அவரைக் கொண்டாடுங்கள், நானும் கொண்டாடுகிறேன். உச்சம் என்ற சொல்லை மட்டும் அவருக்கு வைக்க வேண்டாம். அது இன்னொருவருடையது, அவரை முழுதாகப் பார்க்கக்கூட நம்மை விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்குப் போய் இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். மழை நாள், சமணமலை, எல்லிஸ் எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்த பிறகு, "மெட்ராஸ்ல எல்லிஸ் எப்படி இருந்தாரு மாமா?" என்று கேட்டேன். 1975-ல் பயிற்சியில் கண்ணில் அடிபட்டுப் பார்வை கெட்டு எல்லிஸ் சண்டையை விட்டிருந்தார். 1980-ல் அந்தக் கண்ணோடுதான் மெட்ராஸில் அலிக்கு எதிரில் நின்றார் என்பதையும் சொன்னேன்.

மாமா வெகுநேரம் யோசித்தார். "பாக்கலடா மாப்ள. அம்புட்டு நேரமும் அலியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எதுக்க நின்னவரு டவுசரு என்ன கலருன்னு கேட்டாக்கூடச் சொல்லத் தெரியல எனக்கு."

பிறகு எழுந்து போய்ச் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். அலி சிரிக்கிறார். இடது ஓரத்தில், சட்டத்தின் விளிம்பை ஒட்டி, மங்கலாக ஒரு கிளவுஸ் தெரிகிறது. இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

"அது அவரு கைதான்" என்றார் மாமா. "மத்ததெல்லாம் பேப்பர்ல இருந்துச்சு. நாந்தான் வெட்டிட்டேன். சட்டத்துல அடங்கல."